சித்தப்பாவின் இரண்டு நிமிடம்

மூன்று ஐந்துக்கு அந்த அம்மாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மாட்டியதும் கொண்டையில் இருந்த முல்லைச் சரம் நசுங்குகிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த செண்பகவல்லி நாற்காலியை ஒரு சாண் பின்னால் நகர்த்திக்கொண்டாள். நேற்றுச் சாயங்காலம் அந்தக் காரியத்தைச் செய்தபோது பின்னால் நகராதவள் இப்போது மட்டும் என்னத்துக்கு நகருகிறாள், ஏசிக் காற்றாக இருக்கும், ஆமாம், ஏசிதான், நேராகத் தலையிலேயே கொட்டுகிறது என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். பொறாமைக்காரிக்குக் காரணமா கிடைக்காது? பெருங்குடியில் ஐந்தாவது மாடியில் இருந்த அந்த கம்ப்யூட்டர் கேம் கம்பெனியில் இது ஒரு வழக்கம். கதை எழுதி, படம் வரைந்து, கோட் அடித்து முடித்த விளையாட்டை, கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத யாரையாவது கூட்டிவந்து ஆடச் சொல்வார்கள். ஆடுகிறவர் மனசில் தோன்றுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆட வேண்டும். விளக்கை அணைத்த பக்கத்து அறையில், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் கருப்பாகத் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால், விளையாட்டை உருவாக்கினவர்கள் உட்கார்ந்து, அதே ஆட்டத்தை ஒரு திரையில் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். அவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஆடுகிறவர் தப்பான கதவைத் தட்டினாலும், ராத்திரி பகல் பார்க்காமல் எழுதின வசனத்தைப் படிக்காமலே தாண்டினாலும், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஒன்பது வருஷமாகக் கடித்துக் கடித்துச் செண்பகவல்லிக்குக் கடைவாய்ப் பல் ஒன்று தேய்ந்தே போயிருந்தது. இன்றைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் முதலாளி தணிகைநாதன். இடது பக்கம் அவள். வலது பக்கம் ஹெப்சிபா. ஹெப்சிபா எழுதின மூன்றாம் அத்தியாயத்தைத்தான் அந்த அம்மாள் ஆடப் போகிறாள். செண்பகவல்லி எழுதின மூன்றாம் அத்தியாயத்தை முந்தாநாள் ஒருத்தர் ஆடி முடித்தாயிற்று, கொட்டாவி விடாமல் ஆடினார், அவ்வளவுதான். இரண்டில் எது என்று இந்த ஆட்டம் முடிந்ததும் தணிகைநாதன் சொல்லிவிடுவார். எவளுடையது நிற்கிறதோ அவள் வழியில்தான் மீதி ஏழு அத்தியாயமும். மற்றவள் அவளுக்குக் கீழே உட்கார்ந்து எழுத வேண்டும்.

கீழேயா. ஹெப்சிக்குக் கீழேயா. நினைத்தாலே நெஞ்சு காந்தியது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பது இதுதான், யாரைக் குற்றம் சொல்ல, கூட்டிவந்ததே இவள்தானே. பாளையங்கோட்டையில் ஒரே ஹாஸ்டல், ஒரே அறை, ஒரே பக்கெட்டில் துணி ஊறவைத்த சிநேகிதம். படிப்பு முடிந்து ஹெப்சி வள்ளியூருக்குக் கல்யாணமாகிப் போய், பதினெட்டு வருஷம் டியூஷன் எடுத்து, மாமியாரைப் பார்த்து, புருஷன் குவைத்தில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று தெரிந்தபின் மகளைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் வந்து இறங்கி, செம்பா, எனக்கு எதாச்சும் ஒரு வேலை பார்த்துக் குடுக்கியாட்டி, எது வேணாலும் செய்வேன் என்று போனில் கேட்டபோது செண்பகவல்லிக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உண்மையான சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. கை நீட்டிக் கேட்கிறவள் அவள், கொடுக்கிறவள் நான் என்கிற சந்தோஷம். தணிகை சாரிடம் இவளே போய்ச் சொன்னாள், நல்ல பொண்ணு சார், எழுத்துப் பிழை பார்க்க வச்சுக்கலாம் என்று. எழுத்துப் பிழை பார்க்க வந்தவள் ஒரு வருஷத்தில் எழுத்தையே பிடுங்கிக்கொண்டாள். இல்லை, பிடுங்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். பிடுங்கியிருந்தால் சண்டையாவது போடலாம். அவள் பாட்டுக்கு ஒரு நோட்டில் என்னமோ கிறுக்கிக்கொண்டிருந்தாள், தணிகைநாதன் எட்டிப் பார்த்தார், இது என்னங்க என்றார், அவ்வளவுதான் நடந்தது.

விளையாட்டு ஒரு கல்யாண வீடு. ஆடுகிறவர்தான் மணப்பெண்ணின் அக்கா. அப்பா இல்லாத வீடு. மூன்றாவது அத்தியாயத்தில் முகூர்த்தத்துக்கு நாற்பது நிமிஷம் இருக்கிறது, தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் கோதண்டம் சித்தப்பா, அவரோ பத்திரிகையில் தன் பெயரைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று ஏற்கெனவே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் வா என்று சொல்லாவிட்டால் கோபம், காப்பி பிந்தினால் கோபம், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்வரிசை போட்டு இவருக்குத் தூண் மறைக்கிற இடம் போட்டால் சொல்லவே வேண்டாம். செண்பகவல்லி அந்தக் கோபத்துக்கு நான்கு கிளை போட்டாள், ஒவ்வொரு கிளைக்கும் மூன்று நான்கு கொப்பு, ஆகப் பதினாலு முடிவு. காலில் விழலாம், ஆள் அனுப்பலாம், தாய்மாமனை உட்காரவைக்கலாம், அக்காவே உட்காரலாம். ஒவ்வொரு வரியும் கையால் எழுதி, எது எதில் போய்ச் சேருகிறது என்று சுவரில் ஆறடிக்கு நூல் கட்டி, எந்த நூலும் அந்தரத்தில் தொங்காமல், எட்டு மாசம். ஹெப்சி என்ன செய்தாள்? முடிவு என்று ஒன்றையுமே எழுதவில்லை. ஆட்களை எழுதினாள். இந்த ஆளுக்கு எதற்குக் கோபம் வரும், எதற்கு மனசு குளிரும், எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்திருப்பார், பழக்கமில்லாத முகத்தைப் பார்த்தால் என்ன கேட்பார், அலுப்பாக இருந்தால் எங்கே போய் உட்காருவார், அப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். எழுதிவிட்டு அத்தனை பேரையும் மண்டபத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். என்னடி இது, முடிவு எங்கே என்று இவள் கேட்டதற்கு, கல்யாண வீட்டுல முடிவை யாரு எழுதுவா, அவங்கவங்க வந்து எழுதிட்டுப் போவாங்க என்று சிரித்தாள். இவளும் சிரித்தாள். போன வாரம்வரை சிரித்தாள்.

போன வாரம்தான் அது நடந்தது. ஆட வந்திருந்த காலேஜ் வாத்தியார் ஒருத்தர், தாலி பத்திரமாக இருக்கட்டும் என்று அதைச் சித்தப்பாவின் மஞ்சப்பைக்குள் போட்டுவைத்தார். அப்புறம் அதை மறந்துவிட்டு மாப்பிள்ளை வீட்டாருக்கு இரண்டாம் காப்பி ஓடினார். சித்தப்பா பார்த்தார், பொருமினார், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். தாலியோடு. யாரும் எழுதாத காட்சி. வாத்தியார் ஐயையோ என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் தணிகைநாதன் வாய்ப்பூட்டை மறந்து கை தட்டினார், படம் வரைகிறவர்கள் தட்டினார்கள், கோட் அடிக்கிறவர்கள் தட்டினார்கள், ஹெப்சி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, சார், இதை நான் எழுதவே இல்லையே என்றாள். அதற்கும் தட்டினார்கள். எழுதாததற்குக் கைதட்டு! என்ன அநியாயம் இது, எட்டு மாசம் எழுதினவள் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, எழுதவே இல்லை என்கிறவளுக்குத் தட்டுகிறார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள், கை காய்ந்துபோகும்வரை பிசைந்துகொண்டே. பழசெல்லாம் வரிசை கட்டி வந்தது. ஹாஸ்டல் நாளுக்கு இவள் நாடகம் எழுதினாள், பதினெட்டுப் பக்கம். வார்டன் வேஷம் ஹெப்சிக்கு. மேடை ஏறியதும் வசனம் அத்தனையும் மறந்துபோய் அவள் பாட்டுக்கு என்னமோ பேசினாள், பாத்ரூமில் தண்ணி வராததைப் பற்றி, சாம்பாரில் கிடந்த சாவியைப் பற்றி. கூட்டம் உருண்டு உருண்டு சிரித்தது. இறங்கி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிருட்டி, உன் வசனத்தையெல்லாம் முழுங்கிட்டேன் என்று அழுதாள். அழுகிறவளை என்ன சொல்ல முடியும். பரவாயில்லைடி, நல்லாத்தான் இருந்துச்சு என்றாள். நல்லாத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினையே. மோசமாக இருந்திருந்தால் இவள் அன்றே அவளை மன்னித்திருப்பாள்.

ஆகவே நேற்று. ஆறு மணி, எல்லோரும் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள். ஆட்களின் குணங்கள் எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கும், ஒரு வரிக்கு ஓர் ஆள், ஒரு கட்டத்துக்கு ஒரு குணம், பக்கத்தில் ஓர் எண். சீனியர் என்பதால் திறக்கிற உரிமை இவளுக்கு உண்டு. கோதண்டம் சித்தப்பாவின் வரியில் ‘நினைவு’ என்ற கட்டத்தில் ஹெப்சி முன்னூறு என்று போட்டிருந்தாள். முன்னூறு நிமிஷம். நாற்பது நிமிஷ ஆட்டத்தில் முன்னூறு என்றால் கட்டையில் போகும்வரை மறக்கமாட்டார் என்று அர்த்தம். செண்பகவல்லி அதை இரண்டு ஆக்கினாள். ஒரே ஓர் எண். இரண்டு நிமிஷத்துக்கு மேல் சித்தப்பாவுக்குக் கோபம் நிற்காது. வாசலில் வா என்று கேட்கவில்லையா, பொருமுவார், இரண்டு நிமிஷம், அப்புறம் ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகமாட்டார், பந்தியில் இலையை மடிக்கமாட்டார். உப்பில்லாத ரசம் மாதிரிக் கல்யாணம் அது பாட்டுக்கு நடந்து முடியும். தணிகைநாதன் நெட்டி முறிப்பார். அவ்வளவுதான் வேண்டும். ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லையே, ஒருத்தர் கோபத்தைக் கொஞ்சம் குறைத்தேன், புண்ணியம்தானே என்று லிஃப்டில் இறங்கும்போதே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். கீழே டீக்கடையில் ஹெப்சி இவளுக்கும் சேர்த்து ஒரு டீ வாங்கி, ஆறாமல் இருக்க மேலே தட்டு போட்டு மூடி வைத்திருந்தாள். அந்த டீயையும் குடித்தாள். வெட்கமில்லாமல், சர்க்கரை கம்மி என்று வேறு சொன்னாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்டம் தொடங்கிவிட்டது. அம்மாள் பெயர் தையல்நாயகி, மாயவரத்துக்காரி, டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள், அதனாலோ என்னவோ ஹெட்போனோடு பேசுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. “வாசல்ல கோலத்தைப் பாரு, மிதிச்சு வச்சிருக்கான் படுபாவி. சரி, நான்தான் அக்காவா? அக்கான்னா வேலைக்காரின்னு அர்த்தம். எங்க போகணும் இப்ப? சமையக்கட்டா?” என்று பேசிக்கொண்டே மண்டபத்துக்குள் புகுந்து, தேங்காய் வந்ததா, பூ வந்ததா என்று பார்க்கப் போய்விட்டாள். வாசலில் வந்து இறங்கின கோதண்டம் சித்தப்பாவை யாரும் வா என்று கேட்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றினார், சுற்றும் முற்றும் பார்த்தார், மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். ஹெப்சி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். இனிமேல்தான் இருக்கிறது வேடிக்கை என்கிற மாதிரித் தணிகைநாதனும் நிமிர்ந்தார். செண்பகவல்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. தையல்நாயகி பதறிப்போய் ஓடிவந்து, “ஐயையோ, பெரிய மனுஷரைப் பார்க்காம விட்டுட்டேனே” என்று சித்தப்பாவின் முன்னால் போய் நின்றாள். மன்னிச்சுக்குங்க என்பதைத் தேர்ந்தெடுத்தாள். சித்தப்பா முகம் மலர்ந்தார். “வாம்மா, எப்ப வந்த?” என்றார்.

வாம்மா எப்ப வந்தவா. ஹெப்சியின் முதுகு விறைத்ததை இருட்டிலும் பார்க்க முடிந்தது. முதல் சந்திப்புக்கு என்று அவள் எழுதிவைத்த வரி அது. செண்பகவல்லிக்கும் ஒரு கணம் புரியவில்லை, கோபம்தானே போகவேண்டும், இது எங்கிருந்து வந்தது, புரிந்ததும் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்து அடக்கினாள். கோபம் மட்டும் அந்தக் கட்டத்தில் இல்லை, எல்லா நினைவும் அதில்தான் இருந்தது, பார்த்தது, பேசியது, குடித்தது எல்லாம். சுவரில் ஆறடிக்கு நூல் கட்டுகிறவள், ஓர் எண்ணை மாற்றினால் எது எது அசையும் என்று இரண்டு கட்டம் தள்ளிப் பார்க்கவில்லை. பரவாயில்லை, இன்னும் நல்லதாயிற்று. வெறும் சப்பென்று இருக்கும் என்று நினைத்தாள், இப்போது உளறல் வேறு. சித்தப்பா காப்பி குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். தையல்நாயகி மேளக்காரரிடம் போய்விட்டுத் திரும்பினாள். “வாம்மா, எப்ப வந்த? ஒரு வாய் காப்பி கிடைக்குமா?” என்றார் சித்தப்பா. “இப்பத்தானே குடிச்சீங்க?” என்றாள் அம்மாள். இன்னொரு காப்பி கொடுத்தாள். இரண்டு நிமிஷம். “வாம்மா, எப்ப வந்த?” தணிகைநாதன் மூக்கைச் சொறிந்தார், அவர் மூக்கைச் சொறிந்தால் அத்தியாயம் குப்பைக்குப் போகிறது என்று பொருள், அதை ஒன்பது வருஷத்தில் எத்தனை தடவை தன் எழுத்துக்குப் பார்த்திருக்கிறாள். ஹெப்சி நோட்டைப் புரட்டு புரட்டென்று புரட்டினாள், இருட்டில் என்ன தெரியும், சும்மா புரட்டினாள். வேர்த்திருந்தது அவளுக்கு. மகளுக்கு அடுத்த மாசம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, பாவம். பாவமா? பாவம் பார்க்கிற மூஞ்சியைப் பார், நேற்று எங்கே போச்சு இந்தப் பாவம். இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இப்படியே ஓடினால் போதும், அப்புறம் பாவம் பார்க்கலாம், எழுத்துப் பிழை பார்க்கிற வேலையை அவளுக்குத் திரும்ப வாங்கிக் கொடுக்கலாம், நானே சாரிடம் பேசுகிறேன் கவலைப்படாதே என்று தோளில் கை போடலாம். தோளில் கை போடுகிற அந்தக் காட்சி அவளுக்கு இனித்தது. எப்படிப்பட்டவள் நான் என்று ஒரு குரல் கேட்டது, கேட்கட்டும், அதற்கும் வாய்ப்பூட்டுதான்.

அப்போதுதான் தையல்நாயகியின் பேச்சு நின்றது. மனசில் பட்டதைச் சொல்லுங்கம்மா என்று வெளி அறையிலிருந்து ஸ்பீக்கரில் ஞாபகப்படுத்துவதற்கென்றே இருக்கிற கம்பெனிப் பெண்கூட ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். திரையில் அக்கா சித்தப்பாவின் முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தாள். மண்டபத்தில் ஐயர் கூப்பிடுகிறார், மாப்பிள்ளையின் அத்தை மேசையைத் தட்டுகிறாள், எதற்கும் அசையவில்லை. ஆடத் தெரியாமல் நிற்கிறாளா, அலுத்துவிட்டதா, எழுந்து போகப் போகிறாளா, போ தாயே, எழுந்து போ என்று செண்பகவல்லி உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். “இவருக்கு ஞாபகம் நிக்கலை” என்றாள் தையல்நாயகி. மெதுவாகச் சொன்னாள். “எங்க வீட்டுக்காரரோட அண்ணன் இப்படித்தான். கடைசி நாலு வருஷம். காலையில நான் காப்பி குடுப்பேன், வாங்கிக் குடிச்சிட்டு, நீங்க எந்த ஊரும்பாரு. நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மாயவரம்னு சொல்லுவேன். ஒரு நாள் கோவத்துல, எத்தினி தடவைதான் சொல்றதுன்னு கத்திட்டேன்.” மூக்கை உறிஞ்சினாள். “சரி, வாங்க. இங்க இப்படித் தூணுக்குப் பின்னால உட்கார வேணாம்.” கையைப் பிடி என்று ஒன்று இருந்தது ஆட்டத்தில், குழந்தைகள் கூட்டத்தில் தொலையாமல் இருக்க ஹெப்சி வைத்தது. அதை எடுத்துச் சித்தப்பாவின் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே மண்டபம் முழுக்கக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் நின்று, “வாம்மா, எப்ப வந்த?” என்றார். ஒவ்வொரு தடவையும் அவள், “இப்பத்தான் வந்தேன் சித்தப்பா” என்று புதுசாகச் சொன்னாள். பூவை மறந்தாள், தேங்காயை மறந்தாள், மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும் என்றாள். தணிகைநாதனின் கை மூக்கிலிருந்து இறங்கிவிட்டது. செண்பகவல்லி அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், மறுபடியும் மேலே போகாதா என்று.

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. தையல்நாயகி சித்தப்பாவைக் கைபிடித்து மணமேடைக்கு ஏற்றினாள். அங்கே மணப்பெண் உட்கார்ந்திருந்தாள், சித்தப்பா தோளில் தூக்கி வளர்த்ததாகக் கதையில் சொல்லப்பட்ட பெண். அவர் அவளைக் குனிந்து பார்த்தார். பழக்கமில்லாத முகத்தைப் பார்த்தால் கேட்கிற கேள்வியைக் கேட்டார். “நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?” செண்பகவல்லிக்குத் தெரியும், அந்த வரியை ஹெப்சி பந்தியில் ஓடி விளையாடுகிற வாண்டுகளுக்காக எழுதினாள், அன்றைக்கு எழுதிக் காட்டியபோது இதெல்லாம் எதுக்குடி என்று கேட்டதே இவள்தான். பெரியவர் அப்படிக் கேட்டால் எந்தப் பெண்ணும் சொல்கிற பதிலும் ஒன்று இருந்தது. மணப்பெண் தலையை நிமிர்த்தி அதைச் சொன்னாள். “உங்க வீட்டுப் பொண்ணுதான் சித்தப்பா.” சரி என்று தலையாட்டிவிட்டு, யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார் அவர். மேளம் கொட்டியது. தையல்நாயகி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள், முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். இந்தப் பக்கம் தணிகைநாதன் கைதட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார்.

செண்பகவல்லியும் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையை எடுத்தாள். வந்தது அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். அழுகையாக இருந்திருந்தால் நல்லது. வந்தது வேறு. இது என்னுடையது. இந்தக் கல்யாணம் என்னுடையது. அந்த இரண்டு என்னுடையது. ஒன்பது வருஷத்தில், பதினாலு முடிவும் ஆறடி நூலும் கட்டி வராத ஒன்று வந்திருக்கிறது, வந்திருப்பது என் கையால், யாருக்கும் தெரியாது. வரிகள் அவளுடையவை, சரி, ஆனால் அந்த வரிகள் முன்னூறோடு கிடந்தபோது வெறும் பஸ் ஸ்டாண்டு வேடிக்கைதானே, அழ வைத்தது இரண்டுதானே. இப்போது என்ன நடக்கும் என்று அவளுக்கு வரி வரியாகத் தெரிந்தது, கிளை பார்க்கிறவள் அல்லவா. வாயை மூடிக்கொண்டிருந்தால் பேர் ஹெப்சிக்குக் கிடைக்கும், ஏழு அத்தியாயமும் அவளுக்கே கிடைக்கும், தன் வேலை மட்டும் பத்திரமாக இருக்கும். வாயைத் திறந்தால், ஏன் மாற்றினாய், எப்போது மாற்றினாய், யாரிடம் கேட்டாய் என்று வரும், எதற்கும் பதில் கிடையாது, வேலையே போனாலும் போகும். மூடிக்கொண்டிருப்பதுதான் புத்தி. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். “ஹெப்சிபா” என்றார் தணிகைநாதன், குரல் கரகரத்தது, “என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?” ஹெப்சி எழுந்து நின்றுவிட்டாள், வாத்தியாரிடம் அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி. “சார், எனக்கே புரியலை சார். சித்தப்பா மறக்க மாட்டாரு. முன்னூறுதான் போட்டேன். நான்தான் எங்கயோ தப்பா அடிச்சிட்டேன் போல. இன்னைக்கே சரி பண்ணிர்றேன் சார்.” “சரி பண்றதா? அந்தத் தப்பைத் தொட்டீங்கன்னா தெரியும். அப்படியே இருக்கட்டும். மீதி ஏழும் நீங்களே எழுதுங்க.”

“அது நான்” என்றாள் செண்பகவல்லி.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவளுக்கே தெரிந்தது. மனசாட்சி ஒன்றும் உறுத்தவில்லை, நல்லவள் ஆகவேண்டும் என்று தோன்றவில்லை, அந்தத் தப்பு ஹெப்சியின் தப்பாக ஊருக்குத் தெரிவதை ஒரு நொடிகூடப் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். “முன்னூறை ரெண்டாக்குனது நான்தான் சார்.” தணிகைநாதன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை. “அடடே! ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினதா? முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே? அப்ப சேர்ந்தே எழுதுங்க, என்ன இப்போ” என்று சொல்லிக்கொண்டே, விளக்கைப் போட்டுவிட்டு, அழுகிற அம்மாளுக்குத் தண்ணீர் கொடுக்க அடுத்த அறைக்கு ஓடினார். கதவு சாத்திக்கொண்டது.

ஹெப்சி உட்காரவில்லை. “எப்பட்டி மாத்துன?” என்றாள்.

“நேத்து. நீங்கள்லாம் டீ குடிக்கப் போனப்ப.”

“அப்ப எங்கூட டீ குடிக்க வந்தியே, அதுக்கு முன்னாலயா?”

“ஆமா.”

“எதுக்கு?”

சும்மா சோதனைக்கு என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. நம்பியிருப்பாள், ஹெப்சி எதையும் நம்புகிறவள், புருஷனைப் பதினெட்டு வருஷம் நம்பினவள். ஆனால் நாக்கு அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. “உன் அத்தியாயம் விளங்காமப் போகணும்னு.”

“ஏட்டி, ஏன்?”

“ஏன்னா என்ன சொல்ல? வயித்தெரிச்சல்டி. பொறாமை.”

“யார் மேல?”

“சுவத்து மேல. உன் மேலதான்டி, வேற யார் மேல?”

“என் மேலயா?” என்றாள் ஹெப்சிபா. அறைவாள் என்று எதிர்பார்த்தாள் செண்பகவல்லி, அழுவாள் என்று எதிர்பார்த்தாள், இனிமே என் மூஞ்சியில முழிக்காதே என்று போய்விடுவாள் என்றும் எதிர்பார்த்தாள், அத்தனைக்கும் தயாராகத்தான் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹெப்சி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். “என் மேலயா செம்பா? உனக்கா?” என்று இன்னொரு தடவை கேட்டாள். கண் கலங்கித்தான் இருந்தது, கோபமும் வந்துகொண்டுதான் இருந்தது, இனிமேல் எத்தனை நாளைக்கு அது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், நாற்பத்தொரு வயசில் முதல் தடவையாக ஒரு மனுஷி தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள் என்கிற சந்தோஷம் அந்த முகத்தில் வந்து ஏறியது. மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை, காது மடல்வரை சிவந்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் செண்பகவல்லிக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.